உப்புக்காற்றும் எங்கள் வீட்டுச் சுவரும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

வேதாரண்யம் என்றவுடன் நம் நினைவிற்கு வருவது உப்பு. 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் இராஜாஜி தலைமையில் தொண்டர்கள் தடையை மீறி உப்பு அள்ளிய மண் அது. அந்த உப்பு எங்கள் ஊரில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. என் தாயார் இன்றும் உப்பளத்தில் கூலி வேலை செய்கிறார். அதே உப்பு எங்கள் வீடுகளின் சுவர்களைத் தின்றுகொண்டிருக்கிறது என்பதும் உண்மை. சோறு போடும் உப்பைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். சுவரைத் தின்னும் உப்பைப் பற்றி நான் எழுதலாம் என்று நினைக்கிறேன். நான் கொத்தனாரின் மகன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபின் ஓராண்டு அப்பாவுடன் கலவை சுமந்துவிட்டுத்தான் இக்கல்லூரிக்கு வந்தேன். ஆகவே கரணையும் சோதனைக் குழாயும் ஒரே கட்டுரையில் வந்தால் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீடு கிழக்குப் பார்த்த சுவருடன் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. 2009இல் அப்பா தம் கையாலேயே கட்டியது. செங்கல் சுவர், மேலே ஓடு. கட்டி மூன்று நான்கு ஆண்டுகளிலேயே கிழக்குச் சுவரின் அடிப்பகுதி வெளுக்கத் தொடங்கியது. முதலில் சுண்ணாம்பு பூசியது போல ஒரு வெள்ளைப் படலம். பிறகு அப்பளம் பொரிந்தது போலப் பூச்சு உப்பும். பிறகு விரலால் தொட்டால் மாவாக உதிரும். எங்கள் ஊரில் இதைச் 'சுவர் பூத்துவிட்டது' என்பார்கள். பூ என்னவோ அழகான சொல்தான்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் எங்கள் கரையைக் கடந்தது. கிழக்குப் பக்க ஓடுகள் அனைத்தும் பறந்தன. விடியும்வரை உப்புநீரும் மழையும் சுவரின் தலை வழியாக இறங்கின. அதன்பின் அப்பா, அடுத்த ஆண்டு, மகளிர் குழுவில் அம்மா வாங்கிய இருபதாயிரம் ரூபாய்க் கடனில் அந்தச் சுவரைக் கொத்திவிட்டு மறுபடியும் பூசினார். இனி உதிரவே கூடாது என்பதற்காக ஒன்றுக்கு மூன்று என்று கெட்டியான சிமெண்டுக் கலவை போட்டார். பார்க்கக் கருங்கல் போல இருந்தது. இரண்டாவது மழைக்காலத்திலேயே அது பலகை பலகையாக விலகத் தொடங்கிற்று. 2024 அக்டோபரில் ஒரு மாலை, முறம் அளவுள்ள ஒரு துண்டு பெயர்ந்து, சுவரோரம் கிடந்த கயிற்றுக் கட்டிலின் மேல் விழுந்தது. என் அப்பாயி தினமும் படுத்திருக்கும் கட்டில் அது. வெற்றிலை வாங்க அப்போதுதான் எழுந்து போயிருந்தார். கட்டிலின் சட்டம் முறிந்துவிட்டது. கடனில் பாதித் தவணை அப்போது பாக்கி.

கெட்டியாகப் பூசிய சுவர் ஏன் விரைவாக விழுந்தது? அந்தத் துண்டைப் புரட்டிப் பார்த்தபோதுதான் எனக்கு இந்தக் கேள்வி எழுந்தது. அதன் வெளிப்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. உள்பக்கத்திலோ, செங்கல்லின் முகமே தோல் போல உரிந்து அதனோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. இரண்டிற்கும் இடையே விரல் நகத்தின் கனத்திற்கு வெண்மையான ஊசிப் படிகங்கள்.

விடையின் முதல் பாதியை எனக்குச் சொன்னவர் என் தாயார். நான் அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்திருந்தபோது, "இதுல என்னா தம்பி இருக்கு? தண்ணி எங்க காயுதோ அங்கதான் உப்பு நிக்கும்" என்றார். உப்பளத்துப் பாத்தியில் இருபது ஆண்டுகள் நின்ற கால்களின் அறிவு அது. நான் பிறகு நூலகத்தில் தேடிப் படித்த பக்கங்கள் அனைத்தும் இந்த ஒரு வாக்கியத்தின் விளக்கவுரையே எனலாம்.

செங்கல்லும் காரையும் பார்வைக்குத்தான் திண்மம். உள்ளே அவை நுண்துளைகளின் காடு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, தரையிலுள்ள ஈரம் இத்துளைகள் வழியாக மேலே ஏறுகிறது. இதனை நுண்புழை ஏற்றம் என்று இயற்பியலில் படிக்கிறோம். எங்கள் ஊரில் அந்த ஈரம் நல்ல தண்ணீர் அன்று. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. எங்கள் நிலத்தடி நீர் அவ்வளவு இல்லையென்றாலும் அதற்கு உறவுதான். இதுவன்றி, அலை உடையும்போது வெடிக்கும் குமிழிகளிலிருந்து நுண்ணிய உப்புத் துளிகள் காற்றில் ஏறி, வாடைக்காற்றிலும் கொண்டலிலும் வந்து சுவரில் படிகின்றன. கீழேயிருந்தும் வருகிறது, வெளியிலிருந்தும் வருகிறது. சுவரின் மேற்பரப்பில் நீர் ஆவியாகும்போது, ஆவியாக இயலாத உப்பு அங்கேயே தங்கிப் படிகமாகிறது.

இந்தப் படிகம் சுவரின் வெளியே உண்டானால் அது வெறும் வெள்ளைப் படலம், துடைப்பத்தால் கூட்டிவிடலாம். பூச்சுக்குப் பின்னால் துளைகளுக்குள்ளே உண்டானால்தான் ஆபத்து. வளரும் படிகம் தனக்கு இடம் தேடி, துளையின் சுவர்களை நெருக்குகிறது. ஆலவிதை மதில் இடுக்கில் முளைத்து மதிலைப் பிளப்பது போன்ற வேலை அது.

அதிலும் கடற்கரையில் ஒரு கூடுதல் கொடுமை உண்டு. காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டிற்கு மேல் போனால் சோடியம் குளோரைடு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். அதற்குக் கீழே இறங்கினால் மறுபடியும் படிகமாகும். எங்கள் ஊரில் விடியற்காலை ஈரம் இந்த எல்லைக்கு மேலே இருக்கும். வெயில் காலத்து நண்பகலில் கீழே இறங்கும். உப்பு மூட்டை காலையில் வியர்ப்பதும் மத்தியானம் காய்வதும் உப்பளத்தில் அனைவரும் கண்ட காட்சி. அதே வியர்வை சுவருக்குள்ளும் நடக்கிறது. ஒரு மழைகூடப் பெய்யாமலே, நாள்தோறும் ஒருமுறை உப்பு கரைந்து ஒருமுறை உறைந்தால், செங்கல்லின் உள்ளே என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள். கடல் உப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு இன்னும் மோசம்; மிகக் குறைந்த ஈரப்பதத்திலும் அது நீரை விடாது. நல்ல வெயிலிலும் சில சுவர்கள் திட்டுத்திட்டாக நனைந்து தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது சிமெண்டுப் பூச்சின் கதைக்கு வருவோம். ஒன்றுக்கு மூன்று கலவை மிக நெருக்கமானது. வெளியேயிருந்து மழைநீரை விடாது என்பது அதன் பெருமை. ஆனால் உள்ளேயிருந்து ஏறிவரும் ஈரத்தையும் அது வெளியே விடாது. ஈரத்திற்கு வெளியேற வழியில்லாததால், பூச்சுக்கும் செங்கல்லுக்கும் இடையே நின்று, கிடைத்த விரிசல் வழியே மெல்ல மெல்லக் காய்கிறது. 'தண்ணி எங்க காயுதோ அங்கதான் உப்பு.' ஆகவே உப்பு படிகமானது பூச்சின் முதுகில். எங்கள் நாட்டுச் செங்கல் சிமெண்டை விட மென்மையானது. இரண்டும் மல்லுக்கட்டியபோது தோற்றது செங்கல். அப்பா போட்ட கெட்டிக் கலவை சுவரைக் காக்கவில்லை. சுவரின் தோலை உரித்துக்கொண்டு விழுந்தது.

இது வரையில் எனக்கு உற்சாகமாகவே இருந்தது. அடுத்த பகுதிதான் எழுதக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது.

சுவரில் எந்த உயரம் வரை எவ்வளவு உப்பு இருக்கிறது என்று பார்க்க விரும்பினேன். பேராசிரியரின் அனுமதி பெற்று, தரையிலிருந்து ஒரு முழத்திற்கு ஒன்றாகக் காரைத் தூளைச் சுரண்டிப் பொட்டலம் கட்டி, நம் துறையின் ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டு வந்தேன். வாலைவடிநீரில் தூளைக் கலக்கி, வடிகட்டி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசல் சில துளிகள் விட வேண்டும். குளோரைடு இருந்தால் தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு உண்டாகும். அது அம்மோனியாவில் கரையும். முதல் முறை எனக்கு வெள்ளைக்குப் பதிலாகப் பழுப்பு நிறம் வந்தது. புதியதொன்றைக் கண்டுபிடித்துவிட்டோமோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. "நைட்ரிக் அமிலம் சேர்த்தாயா?" என்று ஆசிரியர் கேட்டார். சேர்க்கவில்லை. சிமெண்டுக் கலவை காரத்தன்மை உடையது. காரத்தில் வெள்ளி ஆக்சைடு பழுப்பாக வீழ்படியும். நீர்த்த நைட்ரிக் அமிலத்தால் அமிலமாக்கிய பிறகே சோதிக்க வேண்டும். முதலாண்டில் மனப்பாடம் செய்த வரிதான் அது.

சரியாகச் செய்தபோது, தரையிலிருந்து மூன்று முழம் வரை எடுத்த தூள்கள் கெட்டித் தயிராகவே வந்தன. அது நான் எதிர்பார்த்ததே. நான் எதிர்பாராதது, கூரையின் கீழே, தரை ஈரமும் ஏறாத, மழையும் படாத உட்சுவரின் சந்துகளிலிருந்து எடுத்த பழைய கட்டுக் கலவை. அதிலும் வெள்ளை விழுந்தது. தரையிலிருந்து ஏறியிராத, காற்று கொண்டுவந்திராத உப்பு அங்கே எப்படி வந்தது? ஒரே வழிதான் உண்டு. கலவை குழைத்த தண்ணீரிலேயே உப்பு இருந்திருக்க வேண்டும். கட்டுமானத்திற்கான இந்தியத் தர நிர்ணய விதிநூலான ஐ.எஸ். 456, கலக்கும் நீரில் குளோரைடு, கம்பி உள்ள கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமும், கம்பி இல்லாததற்கு 2000 மில்லிகிராமும் தாண்டக்கூடாது என்கிறது. எங்கள் வீட்டுக் குழியின் தண்ணீரைச் சோதிக்கவே தேவையில்லை; நாக்கில் வைத்தாலே தெரியும்.

வீட்டைக் கட்டியவர் என் தந்தை. ஊரில் நல்ல கொத்தனார் என்று பெயர் வாங்கியவர். 'உங்கள் வேலைதான் காரணம்' என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அதுவும், கல்லூரிக்குப் போய் ஓராண்டுகூட ஆகாத பையன்? மூன்று நாள் சொல்லாமலே இருந்தேன். நான்காம் நாள் இரவு சாப்பிடும்போது சோதனைக் குழாயைப் பற்றி மட்டும் சொன்னேன்; மீதியை அவரே முடித்தார்.

"தெரியும் தம்பி. அன்னைக்கு நல்லதண்ணி டிராக்டரு ஒரு நடைக்கு என்னா வெலை வித்துச்சு, ஒனக்குத் தெரியுமா? ஒன்னைய கையில வச்சிக்கிட்டு குடிசையில எத்தனை மழைக்குக் கெடக்கறது? குழித் தண்ணிய ஊத்திக் கட்டினேன். ஊரான் வீட்டுக்கு நான் அப்புடிச் செஞ்சதில்ல."

அதன்பின் அவர் சோற்றைப் பார்த்தபடியே, "சரி, இப்ப என்னா பண்ணணும்னு ஒன் புத்தகத்துல போட்டிருக்கு?" என்று கேட்டார். என் படிப்பைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது.

செய்ததைச் சொல்கிறேன். மார்கழி மழை ஓய்ந்து, 2025 தை பிறந்ததும் தொடங்கினோம். கடற்கரையில் வெளிச்சுவர் வேலைக்குத் தை முதல் பங்குனி வரையே ஏற்ற காலம். மழைக்காலத்தில் சுவர் காயாது. சித்திரை வெயிலில் பூச்சு காய்ந்து வெடிக்கும்.

முதலில் தட்டிப் பார்ப்பது. கரணைப் பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனால், பிடிப்புள்ள இடம் 'டங்' என்னும். விலகிய இடம் 'பொத்'தென்னும். அப்பா தட்ட, நான் கரியால் வட்டமிட்டேன். கண்ணுக்குத் தெரிந்த சேதத்தைப் போல இரண்டு பங்கு இடம் வட்டத்திற்குள் வந்தது. கெட்டுப்போன பூச்சை மட்டும் கொத்திவிட்டு அந்த இடத்தை ஒட்டுப்போடுவது பெரும்பாலோர் செய்யும் தவறு. உப்பு அப்போது ஒட்டின் விளிம்பிற்கு நகர்ந்து அங்கே பூக்கும். சேதம் தெரியும் உயரத்திற்கு மேல் இரண்டடியாவது கூடுதலாகக் கொத்தி எடுக்க வேண்டும். செங்கல் சந்துகளிலுள்ள கலவையையும் அரை அங்குலத்திற்கு மேல் தோண்டினோம்.

பிறகு கூட்டுவது. இங்கே ஒரு எச்சரிக்கை. வெள்ளையைக் கண்டதும் வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவத் தோன்றும். கழுவினால் உப்பு கரைந்து செங்கல்லுக்குள்ளேயே திரும்பிப் போகும். உலர்ந்த நிலையில் நார்த் தூரிகையால் தேய்த்து, கீழே விரித்த சாக்கில் விழச்செய்து, அள்ளித் தொலைவில் கொட்ட வேண்டும். கொத்திய காரையை வீட்டைச் சுற்றிப் பள்ளம் நிரப்பப் பயன்படுத்துவது எங்கள் ஊர் வழக்கம். உப்பை வாசலில் சேமித்து வைப்பதற்கு அது சமம்.

அடுத்தது சுவருக்குப் பற்றுப்போடுவது. வீக்கத்திற்கு மருந்துப் பற்றுப் போடுகிறோம் அல்லவா, அதுவே. பழைய காகிதத்தை ஊறவைத்துக் கூழாக்கி, உப்பில்லாத வண்டல் களிமண்ணும் கொஞ்சம் மணலும் சேர்த்துப் பிசைந்து, நல்ல தண்ணீரால் நனைத்த சுவரில் ஓர் அங்குல கனத்திற்கு அப்ப வேண்டும். சுவரில் உள்ள உப்பு நீரில் கரையும். காற்றுப்படும் பற்றின் வெளிப்புறத்தில்தான் நீர் காயும். நீர் காயும் இடத்திற்கு உப்பு வரும். அம்மாவின் விதியை நமக்குச் சாதகமாகத் திருப்பிவிடுவதே இதன் சூட்சுமம். பத்து நாளில் பற்று காய்ந்து தானே விட்டுவிடும். உப்போடு சேர்த்துப் பெயர்த்து எறியலாம்.

காகிதத்திற்கு எங்கே போவது? பரணில் கட்டி வைத்திருந்த என் பள்ளி நோட்டுகள் ஆறாம் வகுப்பிலிருந்து இருந்தன. அம்மாவுக்கு மனமே இல்லை. எழுதிய தாளைக் காலால் மிதிப்பதா என்று வருந்தினார். கடைசியில் கணக்கு நோட்டுகளை மட்டும் கொடுத்தார். தமிழ் நோட்டுகளைத் திரும்பப் பரணில் வைத்துவிட்டார். கூழை நானும் தங்கையும் மிதித்தோம்.

மூன்று முறை பற்றுப் போட்டோம். ஒவ்வொரு முறையும் காய்ந்த பற்றில் ஒரே எடை எடுத்து, ஒரே அளவு நீரில் கரைத்து, ஒரே எண்ணிக்கைத் துளிகள் விட்டுப் பார்த்தேன். முதல் பற்று தயிர், இரண்டாவது பால், மூன்றாவது அரிசி கழுவிய நீர். மூன்று சோதனைக் குழாய்களையும் அப்பாவுக்குக் காட்ட ஆசைதான். ஆய்வுக்கூடத்திற்கு வெளியே கொண்டுவர விதியில்லை. சுவரின் நடுப்பகுதியிலுள்ள உப்பு இதனால் முழுதும் போய்விடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேல் ஓர் அங்குலம் தெளிந்தால் பூச்சு பிடிக்க அது போதும்.

இதற்கிடையில் தண்ணீர் வரும் வழிகளையும் அடைத்தோம். சுவரோரமாகப் போட்டிருந்த சிமெண்டுத் தளத்தை உடைத்தெடுத்தோம். அது தரை ஈரத்தைக் காயவிடாமல் சுவர்ப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. அங்கே ஒன்றரையடி அகலத்தில், கடைக்கால் மட்டத்திற்கு மேலேயே நின்றுகொள்ளும்படி வாய்க்கால் தோண்டிச் செங்கல் ஜல்லி நிரப்பினோம். ஓட்டு விளிம்பிலிருந்து விழும் மழைநீர் தெறித்துச் சுவரை நனைக்காமலிருக்கத் தகரத் தாழ்வாரம் எங்கள் ஊரில் இரண்டு மழைக்குத் தாங்காது. பிளாஸ்டிக் குழாயை நெடுக்காக இரண்டாகப் பிளந்து மாட்டினோம்.

இனிச் சுண்ணாம்பு. இங்கே தலைமைப் பொறுப்பை என் அப்பாயி எடுத்துக்கொண்டார். இளமையில் சுண்ணாம்புக் காளவாயிலும் பிறகு மச்சு வேலைகளிலும் சித்தாளாக இருந்தவர். மொட்டைமாடியில் கலவையை வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் அடித்த பெண்களில் ஒருவர். சிமெண்டு வந்தபின் அவர் தொழிலை யாரும் கேட்கவில்லை.

கிளிஞ்சல் என்பது கால்சியம் கார்பனேட்டு. காளவாயில் ஏறத்தாழ 900 டிகிரி செல்சியசில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு நீங்கிக் கால்சியம் ஆக்சைடு, அதாவது சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. நீர் ஊற்றினால் கொதித்துக் கால்சியம் ஹைட்ராக்சைடு ஆகிறது. அதைச் சுவரில் பூசினால், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல வாங்கிக்கொண்டு மீண்டும் கால்சியம் கார்பனேட்டாகிறது. கடலிலிருந்து வந்த கிளிஞ்சல், நெருப்பிலும் நீரிலும் புகுந்து, கடைசியில் சுவரில் மறுபடியும் கிளிஞ்சலாகிவிடுகிறது. வேதியியலில் நான் படித்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்த வினை இதுதான். சுண்ணாம்பு தாளிக்கும்போது கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடும். கண்ணாடி போட்டுக்கொண்டு, நீரில்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ணாம்பைப் போட வேண்டும், தெறித்தால் வேறெதையும் தேடாமல் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும்.

மார்கழியிலேயே ஒரு பீப்பாயில் சுண்ணாம்பைத் தாளித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி ஊறவைத்திருந்தோம். நாள் ஆக ஆக அது வெண்ணெய் போலாகிறது. தாளியாத குருணை ஒன்று தங்கிவிட்டாலும் பின்னர் சுவரில் பூரித்துக் குழி விழும். விகிதம் பற்றி அப்பாவுக்கும் அப்பாயிக்கும் ஒரு மாலை முழுதும் வழக்கு. கடைசியில் சுண்ணாம்பு ஒன்று, செங்கல் தூள் ஒன்று, கழுவிய ஆற்று மணல் இரண்டு என்று முடிவாயிற்று. செங்கல் தூள் எதற்கு? சுண்ணாம்பு மட்டும் காற்றுப்பட்டு வெளியிலிருந்து உள்ளே இறுக மாதக்கணக்கில் ஆகும். சுட்ட களிமண்ணிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு வினைபுரிந்து ஈரத்திலேயே இறுகும் சேர்மங்களைத் தருகின்றன. கடற்கரைக்கு அது அவசியம். கடுக்காயை நசுக்கி வெல்லத்தோடு ஊறவைத்த நீரைக் கலவைக்குச் சேர்த்தார் அப்பாயி. வெறும் நீரை விடச் சர்க்கரை நீரில் சுண்ணாம்பு அதிகமாகக் கரையும் என்பது ஆய்வுக்கூடத்தில் எவரும் சோதித்துப் பார்க்கக்கூடிய செய்தி. இம்முறை தண்ணீர் மட்டும் டிராக்டரில் வாங்கினோம். மணலையும் நீரையும் சோதித்த பிறகே கலந்தோம்.

கலவை பதமா என்பதை அப்பாயி கரணையைக் கவிழ்த்துப் பார்ப்பார். உடனே விழுந்தாலும் சரியில்லை. ஒட்டிக்கொண்டு விழாமலே இருந்தாலும் சரியில்லை. "ரெண்டு மூச்சு நின்னு விழணும்" என்பது அவர் அளவுகோல். முதல் பூச்சு அரை அங்குலம். அது விரல் அழுந்தாத அளவு இறுகியதும் கீறிவிட்டு ஒரு வாரம் விட்டோம். இரண்டாம் பூச்சு அதைவிட மெல்லியது. மட்டப்பலகையால் தேய்த்தபின் நனைத்த சாக்குகளைச் சுவரில் தொங்கவிட்டுப் பதினைந்து நாள் ஈரம் காட்டினோம். கடைசியில் பெயிண்டு பூசவில்லை. சுண்ணாம்பு வெள்ளையே மூன்று முறை. பிளாஸ்டிக் பெயிண்டு என்பது சுவருக்கு மழைக்கோட்டு மாட்டி உள்ளே வியர்க்க வைப்பதே.

சுண்ணாம்புப் பூச்சு சிமெண்டை விட மென்மையானது, துளைகள் மிகுந்தது. உள்ளிருக்கும் ஈரம் அதன் வழியே வெளியேறி மேற்பரப்பில் காயும். உப்பு அங்கே பூத்து உதிரும். சில ஆண்டுகளில் பூச்சும் தேயும், தேயட்டும். செங்கல்லுக்குப் பதிலாகத் தான் தேய்வதற்காகவே அது அங்கே இருக்கிறது. கடலை ஒட்டியே நிற்கும் தரங்கம்பாடியின் டேனியக் கோட்டை 1620இல் கட்டப்பட்டது. சேதுபாவாசத்திரத்திற்கு அருகில் இரண்டாம் சரபோஜி மன்னர் எழுப்பிய மனோரா 1814-15ஐச் சேர்ந்தது. இரண்டும் சுண்ணாம்புக் காரையில் எழுந்தவையே. காலந்தோறும் பழுது பார்த்ததால்தான் நிற்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்; பழுது பார்க்கத் தேவையில்லாத சுவர் கடற்கரையில் கிடையாது.

சன்னல் மேலிருந்த கான்கிரீட்டுத் தாழ்வாரத்தின் நோய் வேறு. காரத்தன்மை மிகுந்த கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி துருப்பிடிக்காமல் ஒரு மெல்லிய படலம் காக்கிறது. குளோரைடு அப்படலத்தைத் துளைக்கிறது. துரு, தான் உண்டான இரும்பைப் போல 2 முதல் 6 மடங்கு இடம் கேட்பதால் கான்கிரீட்டு வெடிக்கிறது. இதற்குச் சுண்ணாம்பு மருந்தாகாது. கம்பியின் பின்புறம் வரை கொத்தி, துருவைச் சுரண்டி, தேய்ந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி கட்டி, நல்ல தண்ணீரில் குழைத்த நெருக்கமான சிமெண்டுக் கலவையால் மூட வேண்டும். கடற்கரைச் சூழலில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட்டு மூடியிருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் வீட்டில் சுண்டுவிரல் கனம்கூட இல்லை. அந்தத் தாழ்வாரத்தை இடித்துவிட்டு ஓடு சரித்துவிட்டோம்.

2025ஆம் ஆண்டு மழைக்காலம் இப்போது கடந்துவிட்டது. கிழக்குச் சுவர் நிற்கிறது. தரையிலிருந்து இரண்டு சாண் உயரத்திற்கு ஒரு வெள்ளைக் கோடு பூத்திருக்கிறது. அதை அப்பாயி வாரம் ஒருமுறை துடைப்பத்தால் கூட்டி முறத்தில் அள்ளி, தெருமுனை வரை நடந்துபோய்க் கொட்டிவிட்டு வருகிறார். கட்டிலுக்குப் புதுச் சட்டம் போட்டாயிற்று. அதே இடத்தில்தான் கிடக்கிறது. அப்பாவிடம் இப்போது இரண்டு வீட்டார் சுண்ணாம்புப் பூச்சுக்குக் கேட்டிருக்கிறார்கள். எத்தனை நாளாகும் என்று கேட்டுவிட்டு ஒருவர் போய்விட்டார்.

வடகிழக்கு மூலையில் மட்டும் உள்ளங்கை அகலத்திற்குப் பூச்சு உப்பியிருக்கிறது. கடைசி நாளில் வேலையை முடிக்கும் அவசரத்தில் அப்பா கலவையில் ஒரு கை சிமெண்டு போட்ட இடம் அது. யாரும் எதுவும் சொல்லவில்லை. அப்பாயி அந்த இடத்தைக் கரியால் வட்டமிட்டு வைத்திருக்கிறார். பங்குனி வெயில் ஏறுவதற்குள் கொத்த வேண்டும். சுண்ணாம்பு பீப்பாயில் ஊறிக்கொண்டிருக்கிறது.